கடலோரத்தில் சுகாதாரத் தன்னார்வலராகச் சேர்கிறீர்களா?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம் இது. தூத்துக்குடி கடற்கரை ஊர்களில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குச் சில குறிப்புகள்:

● நேரம்: விசைப்படகுத் தொழிலாளர்களைப் பார்க்க ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் தோதானது.

● பிரஷர்: மீன்கூடையை இறக்கிவைத்த கையோடு பார்க்காதீர்கள். 5 நிமிடம் உட்கார வையுங்கள். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பார்க்கும்போது பேச்சு வேண்டாம்.

● சுகர்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்த பிறகு விரல் நுனியின் ஓரத்தில் குத்துங்கள். ஆளுக்கொரு புது ஊசி கட்டாயம்.

● கருவாடு: ‘தொடவே கூடாது’ என்றால் யாரும் கேட்கமாட்டார்கள். வாரத்தில் எத்தனை நாள் என்று கேட்டு, படிப்படியாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

● உப்பளத் தொழிலாளர்கள்: சுகர் உள்ளவர்களின் பாதத்தைத் தவறாமல் பாருங்கள். வலியில்லாத புண் இருந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

● ரகசியம்: ஒரு வீட்டு நோயை அடுத்த வீட்டில் பேசினால், மறுமுறை எந்தக் கதவும் திறக்காது.