எல்லை காக்கும் செவ்வணில்

கனடா நாட்டின் வடமேற்குக் கோடியில் யூக்கான் என்னும் பனி மிகுந்த நிலப்பகுதி உள்ளது. அங்கே குளுவானி ஏரியை அடுத்த காடுகளில் ஸ்ப்ரூஸ் எனப்படும் ஊசியிலை மரங்கள் அடர்ந்து வளர்கின்றன. கால் கிலோகிராம் அளவே எடையுள்ள செவ்வணில் இக்காடுகளில் வாழ்கின்றது.

விலங்கு ஒன்று உணவு தேடியும், துணை நாடியும், குட்டிகளைப் பேணியும் வழக்கமாக உலவும் பரப்பு அதன் உலவிடம் ஆகும். அப்பரப்பினுள் பிறவற்றைப் புகவிடாது அது காக்கும் பகுதி அதன் ஆட்சி எல்லை ஆகும். இவ்விரண்டும் வேறு வேறானவை என்பதை அமெரிக்க விலங்கியல் அறிஞர் வில்லியம் பர்ட் 1943ஆம் ஆண்டில் தெளிவுறுத்தினார். சிறு விலங்குகள் பலவற்றின் உலவிடங்கள் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதுண்டு. செவ்வணிலோ ஓர் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த பரப்பைத் தனக்கே உரியதாகக் கொண்டு தனித்து வாழ்கின்றது.

இங்ஙனம் எல்லை காப்பதற்குத் தக்க காரணம் உண்டு. கோடையின் முடிவில் செவ்வணில் ஸ்ப்ரூஸ் மரத்தின் கூம்புகளை, அவை விரியுமுன்னரே கொய்து, தன் களஞ்சியத்தில் புதைத்து வைக்கின்றது. பல தலைமுறை அணில்கள் உரித்தெறிந்த செதில்கள் குவிந்து உண்டான மேடே அக்களஞ்சியம். அதன் ஈரமும் குளிர்ச்சியும் கூம்புகளை விரியவிடா. ஆதலால் விதைகள் சிதறாமல் நிற்கின்றன. வசந்தத்தில் பிறந்த குட்டி, குளிர்காலம் வருமுன் தனக்கென ஓர் எல்லையைப் பெறுதல் வேண்டும். பெறாதவற்றுட் பெரும்பாலானவை மடிகின்றன. தாயணில் தன் எல்லையையே குட்டிக்கு விட்டுவிட்டு, வேறிடம் தேடிச் செல்வதும் உண்டு.

அணில் தன் எல்லையைப் பெரும்பாலும் பல்லாலும் நகத்தாலும் காப்பதில்லை, குரலாலேயே காக்கின்றது. கிலுகிலுப்பையின் ஒலி போன்ற அதன் கூவல், ‘இவ்விடம் ஆளில்லாத இடமன்று’ என அறிவிக்கின்றது. அக்கூவல் அணிலுக்கு அணில் வேறுபடும்.

1987ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சியாளர் இவ்வணில்களின் செவிகளில் அடையாளமிட்டு, ஒவ்வொன்றின் வாழ்வையும் குறித்து வருகின்றனர். 22 ஆண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டின் இறுதியில் அவர்கள் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. நெடுநாள் பழகிய அண்டை அணில்களிடையே வாழும் அணில், முதுமையிலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாகப் பெறுகின்றது. அண்டையில் வாழ்வது உறவா, அன்றா என்பதனால் இந்நன்மை விளையவில்லை, பழக்கத்தினாலேயே விளைந்தது. பழகியவை ஒன்றன் எல்லையை மற்றொன்று மதிப்பதால், கூவிக் காவல் புரியும் உழைப்பு குறைகின்றது.

இதனை நட்பு எனக் கூறுதற்கில்லை. செவ்வணில்கள் ஒன்றையொன்று நெருங்குவதே அரிது. ஆயினும், தனித்து வாழும் உயிருக்கும் நல்ல அண்டை அமைவது பெரும் பேறாகும்.