பிரெஞ்சு தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் தூரமில்லை

லாச்சப்பலுக்கு அருகிலுள்ள கார் டு நோர் நிலையத்திலிருந்து 1994 முதல் லண்டனுக்கு ரயில் ஓடுகிறது. அங்கு உறவினர் இல்லாத குடும்பம் எம்மிடையே குறைவு. ஆனால் அங்கு போனதும் எமது பிள்ளைகள் ஆங்கிலம் பேசக் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கின்றனர். பிரெஞ்சில் படித்த காலம் வீணோ என்று கவலைப்படும் பெற்றோருக்காகவே இப்பாடம்.

1066ஆம் ஆண்டு நோர்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அதன்பின் நெடுங்காலம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சே புழங்கியது. நீதிமன்ற வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்கவேண்டும் என்ற சட்டம் 1362இல்தான் வந்தது. ஆகையால் ஆங்கிலத்தின் உயர்தரச் சொற்களிற் பெரும்பகுதி பிரெஞ்சு, லத்தீன் வழி வந்தவை. 'பிகின்' என்பது வீட்டுச் சொல். 'கொமென்ஸ்' என்பது ஏட்டுச் சொல். தமிழில் 'தொடங்கு', 'ஆரம்பி' இரண்டும் இருப்பது போலத்தான். அந்த ஏட்டுச் சொல் எமது பிள்ளைகள் நாள்தோறும் சொல்லும் 'கொமான்சே'யே!

மூன்று விதிகளை மனதிற் கொள்வோம்.

1. பிரெஞ்சில் 'தே' என முடியும் பல சொற்கள் ஆங்கிலத்தில் 'ற்றி' என முடியும். யூனிவெர்சித்தே - யூனிவர்சிற்றி. கலித்தே - குவாலிற்றி.

2. பிரெஞ்சு உயிரெழுத்தின் மேல் கூரை போன்ற குறி இருந்தால், அங்கே பழைய 'ஸ்' ஒன்று மறைந்திருக்கலாம். ஓப்பித்தால் - ஹொஸ்பிற்றல். ஃபொரே - ஃபொறெஸ்ற்.

3. உருவம் ஒத்தும் பொருள் மாறும் சொற்களில் அவதானம் தேவை. இவற்றைப் 'பொய் நண்பர்கள்' என்பர். 1928இல் பிரான்சில் இதற்கென்றே ஒரு நூல் வெளிவந்தது. பிரெஞ்சில் 'லிப்றேரி' புத்தகக் கடை. ஆங்கிலத்தில் 'லைப்ரரி' நூலகம். பிரெஞ்சில் 'பிளெஸே' காயப்படுத்துதல். ஆங்கிலத்தில் 'பிளெஸ்' ஆசீர்வதித்தல். பிரெஞ்சில் 'துமாந்தே' கேட்டல். ஆங்கிலத்தில் 'டிமாண்ட்' அதிகாரத்துடன் கேட்டல். வேலை விண்ணப்பத்தில் இச்சொல்லை மாற்றி எழுதினால், பணிவாகக் கேட்க நினைத்தவர் அதட்டியவர் ஆகிவிடுவார்.

பயிற்சி: ஒரு கொப்பியில் பிரெஞ்சு, ஆங்கிலம், தமிழ் என மூன்று நிரல்கள் வரையுங்கள். நாளுக்கு ஐந்து சொற்கள் போதும். மாதத்தில் 150 ஆகும். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பிள்ளை சொந்தமாக ஒரு வசனம் எழுதட்டும். தமிழ் நிரலை அம்மம்மாவிடமோ அப்பப்பாவிடமோ கேட்டு நிரப்பட்டும். ஆங்கிலம் வளரும்போது தமிழும் கூடவே வளரும். வீட்டுப் பெரியவர்களும் ஆசிரியராவர்.