படுக்கைக்குக் காத்திருக்கலாம், ஊசிக்குக் காத்திருக்கக் கூடாது

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. இதயத்தில் பம்பிங் குறைவு என்று நான்கு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் ஒரு ராத்திரி மூச்சு முட்டி, படுக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் இடமில்லாததால் எமர்ஜென்சியிலேயே 16 மணி நேரம் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். இப்போது தேறிவிட்டார். அந்தக் காத்திருப்பு அவர் உடம்பைக் கெடுத்திருக்குமா? இனி இப்படி நேர்ந்தால் நாங்கள் என்ன செய்வது, டாக்டர்?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பா தேறி வந்ததில் மகிழ்ச்சி. உங்கள் பயம் நியாயமானதுதான். பிரான்சில் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. இடமின்றி எமர்ஜென்சியிலேயே இரவைக் கழித்தவர்களில் 15.7 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். நள்ளிரவுக்கு முன்பே வார்டுக்குப் போனவர்களில் இது 11.1 சதவீதம். பல வகை நோயாளிகளும் அதில் இருந்தார்கள். ஆனால் முதுமையும் பலவீனமான இதயமும் சேர்ந்தவர்களுக்கு இது முக்கியமான எச்சரிக்கை.

உங்கள் அப்பாவுக்கு இரண்டு காத்திருப்புகள் இருந்தன. ஒன்று ஊசிக்கு, மற்றது படுக்கைக்கு. இதயம் ரத்தத்தை முன்னே தள்ளத் திணறும்போது நுரையீரலில் நீர் கோக்கிறது. குடலும் வீங்குவதால் மாத்திரை சரியாக உறிஞ்சப்படாது. அதனால்தான் நீர் பிரியும் ஊசியை நரம்பில் போடுகிறோம். 2017இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போடப்பட்டவர்களில் 2.3 சதவீதமும், தாமதமானவர்களில் 6 சதவீதமும் ஆஸ்பத்திரியில் இறந்தார்கள். நேரம் மட்டுமே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் தாமதிக்க எந்த நியாயமும் இல்லை.

படுக்கைக்கான காத்திருப்பு வேறு விதமாகக் கெடுக்கும். எமர்ஜென்சி டாக்டரின் கண் அடுத்து வருபவர் மேல் இருக்கும். வார்டு டாக்டருக்கோ நோயாளி இன்னும் வந்து சேரவில்லை. இந்த இடைவெளியில் அடுத்த ஊசி தவறும், தினசரி மாத்திரைகள் விட்டுப்போகும், சிறுநீரை யாரும் அளக்க மாட்டார்கள். வெளிச்சத்திலும் சத்தத்திலும் தூக்கம் கெட்டு, வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரலாம். வார்டு கிடைக்கும்வரை வார்டின் வைத்தியம் ஸ்ட்ரெச்சருக்கு வர வேண்டும். அது ஆஸ்பத்திரியின் கடமை.

நீங்கள் செய்யக்கூடியவை:

• மாத்திரைச் சீட்டு, பழைய எக்கோ ரிப்போர்ட் இரண்டையும் ஒரே பையில் தயாராக வையுங்கள். நுழைந்ததும், “ஹார்ட் ஃபெயிலியர் நோயாளி, படுத்தால் மூச்சு முட்டுகிறது” என்று சொல்லுங்கள்.

• ஊசி போட்ட முதல் ஆறு மணி நேரத்தில் மணிக்கு 100 முதல் 150 மி.லி. சிறுநீராவது பிரிய வேண்டும். குறைந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.

• “அடுத்த ஊசி எப்போது? வழக்கமான மாத்திரைகளில் எவற்றைக் கொடுக்கலாம்?” என்று கேளுங்கள். நீங்களாக எதையும் கொடுக்காதீர்கள். வெளிச் சாப்பாட்டின் உப்பும் வேண்டாம்.

இதைவிட முக்கியமானது வீட்டு எடை மெஷின். தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின், சாப்பிடுமுன் அப்பாவின் எடையைக் குறித்து வையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் நீர் சேர்கிறது என்று பொருள். காலில் வீக்கம் தெரிந்தாலும், தலையணை ஒன்று கூடுதலாகக் கேட்டாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள். பகலில், நடந்து போகும் நிலையிலேயே காட்டிவிட்டால், ஸ்ட்ரெச்சரில் கழியும் இரவுகள் பலவற்றைத் தவிர்க்கலாம்.