பாட்டுப் பெட்டியும் பத்து ஆம்பியர் ப்யூசும்

மும்பை தாராவியில் 90 அடி சாலை இருக்கிறது. அதை ஒட்டி ஒரு சந்து. சந்து முனையில் தினமும் இரவில் ஒரு சின்ன சரக்கு வண்டி நிற்கும். அதைத் தமிழ்நாட்டில் குட்டி யானை என்பார்கள். மும்பையில் சோட்டா ஹாத்தி என்பார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான். டாடா நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் ஏஸ் என்ற பெயரில் இந்த வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது.

வண்டியை ஓட்டுபவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விடியும் முன்பே தாதர் பூச்சந்தைக்குப் போவார். பூக்கூடைகளை ஏற்றி மாட்டுங்காவில் இறக்குவார். பகலில் தாராவியில் செய்த தோல் பைகளைச் செம்பூருக்கும் பிற இடங்களுக்கும் கொண்டுபோவார். வண்டிக்கு வங்கிக் கடன் இருக்கிறது. மாதம் தவறாமல் தவணை கட்ட வேண்டும். ஒரு நாள் வண்டி நின்றால் அன்றைக்கு அடுப்பு எரிவது கஷ்டம்.

விடியற்காலை ஓட்டத்தில் தூக்கம் கண்ணைச் சுற்றும். "வண்டியில் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தால் நல்லது" என்று நினைத்தார். தீபாவளிக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்தது. கிராண்ட் ரோடு ரயில் நிலையத்துக்கு அருகே லாமிங்டன் சாலை இருக்கிறது. மின்னணுப் பொருள்களுக்குப் பேர் போன இடம். அங்கே ஒரு ஸ்டீரியோவும் இரண்டு ஸ்பீக்கரும் வாங்கினார். பெட்டியின் மேல் "600 வாட்" என்று பெரிதாகப் போட்டிருந்தது.

மூன்றாம் நாள் வந்த புகை

தெருவில் இருந்த ஒரு தம்பி அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்தான். பாட்டு நன்றாகவே கேட்டது. மூன்றாம் நாள் மாலையில் பாட்டு நின்றுவிட்டது. பேட்டரி அருகே இருந்த ப்யூஸ் போயிருந்தது.

"அவசரத்துக்கு இது போதும்ணே" என்றான் தம்பி. ப்யூஸ் இருந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியை முறுக்கி வைத்தான். பாட்டு மறுபடி கேட்டது.

மறுநாள் விடியற்காலை. வண்டி நிறைய பூ. பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருந்தார். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் அருகே வந்தபோது, "ஏங்க, ரப்பர் கருகுற வாடை வருது" என்றார் மனைவி. அடுத்த நொடியே டேஷ்போர்டுக்குக் கீழே இருந்து புகை வந்தது.

ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார். இருவரும் கீழே குதித்தார்கள். அவர் ஸ்பேனரை எடுத்துப் பேட்டரி வயரைக் கழற்றினார். புகை மெல்ல அடங்கியது. வண்டி பிழைத்தது. ஆனால் பூ நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. அன்றைய கூலியும் போயிற்று.

ப்யூஸ் சொன்ன சேதி

செம்பூரில் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். கணவனும் மனைவியும் அவரிடம் வண்டியைக் கொண்டுபோனார்கள்.

அண்ணாச்சி டார்ச் அடித்துப் பார்த்தார். பேட்டரியில் இருந்து வரும் வயர் ஒரு தகட்டு ஓட்டை வழியே உள்ளே போயிருந்தது. ஓட்டையின் விளிம்பு கத்தி போல் இருந்தது. வண்டி ஆட ஆட, வயரின் தோல் அறுந்துவிட்டது. உள்ளே இருந்த செம்பு, தகட்டைத் தொட்டிருந்தது.

"வீட்டில் மின்சாரம் ஒரு வயரில் வந்து இன்னொரு வயரில் திரும்பும். வண்டியில் திரும்பும் வழி, வண்டியின் இரும்பு உடம்புதான். அதனால் பேட்டரி வயர் உடம்பைத் தொட்டால், மின்சாரம் ஸ்டீரியோவுக்குப் போகாது. குறுக்கு வழியில் வெள்ளமாகப் பாயும். வயர் பழுக்கும், தீப்பிடிக்கும்" என்றார்.

"அப்ப ப்யூஸ் எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டார் மனைவி.

"அதுக்குத்தாம்மா. வெள்ளம் வந்தால் முதலில் ப்யூஸ் உருகி வழியை மூடும். முந்தாநாள் அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. 'எங்கேயோ வயர் தொடுது, பாருங்க' என்று சொன்னது. நீங்கள் அதைக் கேட்கவில்லை. அதன் வாயில் கம்பியை வைத்து அடைத்துவிட்டீர்கள்."

ஓட்டுநர் தலை குனிந்தார்.

பெருக்கிப் பார்த்தால் உண்மை தெரியும்

மனைவி மாலை நேரத்தில் எழுத்தறிவு வகுப்புக்குப் போகிறவர். பழைய ப்யூஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிவப்பு நிறம். அதில் ஓர் எண் இருந்தது. "பத்து" என்று படித்தார்.

"ஆமாம், பத்து ஆம்பியர்" என்றார் அண்ணாச்சி. "பேட்டரி எத்தனை வோல்ட்?"

"பன்னிரண்டு" என்றார் ஓட்டுநர்.

"வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் வரும். பன்னிரண்டையும் பத்தையும் பெருக்கு தாயி."

அவர் நோட்டில் கணக்குப் போட்டார். 12 × 10 = 120.

"பெட்டியில் 600 என்று போட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டியின் பின்னால் இருக்கும் ப்யூசும் 10 ஆம்பியர்தான். அதற்கு மேல் மின்சாரத்தை அது தொடர்ந்து விடாது. உள்ளே போவது 120 வாட். வெளியே 600 வாட் எப்படி வரும்? இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் இருக்கும். அப்போதும் 140-தான். அட்டையில் இருப்பது விளம்பர எண்."

இன்னொரு கணக்கும் சொன்னார். வீட்டில் 230 வோல்ட் மின்சாரம். அங்கே 120 வாட் பொருளுக்கு அரை ஆம்பியர் அளவே ஓடும். வண்டியில் வோல்ட் குறைவு. அதே 120 வாட்டுக்கு 10 ஆம்பியர் ஓட வேண்டும். அதனால்தான் வண்டிக்குத் தடித்த வயர் தேவை. வயரில் ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால், சூடு நான்கு மடங்கு ஆகும். மூன்று மடங்கானால், சூடு ஒன்பது மடங்கு ஆகும். 10 ஆம்பியர் ப்யூஸ் போன இடத்தில் 30 ஆம்பியர் ப்யூஸை மாட்டுவதும் ஆபத்துதான்.

சரியாக மாட்டும் முறை

அண்ணாச்சி வேலையைத் தொடங்கினார். ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே செய்தார்.

1. முதலில் பேட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றினார். அது வண்டியின் உடம்போடு சேர்ந்த முனை. கூட்டல் முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தகட்டில் பட்டுப் பொறி பறக்கும். மாட்டும்போது கழித்தல் முனையைக் கடைசியில் மாட்ட வேண்டும்.

2. கருகிய வயரை முழுவதும் எடுத்தார். புதிய தடித்த வயரைப் போட்டார். தகட்டு ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் பொருத்தினார். அதன் வழியே வயரை விட்டார்.

3. ப்யூஸைப் பேட்டரிக்கு மிக அருகே வைத்தார். ஸ்டீரியோவின் பின்னால் உள்ள ப்யூஸ் ஸ்டீரியோவை மட்டுமே காக்கும். பேட்டரியில் இருந்து வரும் வயரைக் காக்க, பேட்டரி அருகேதான் ப்யூஸ் வேண்டும்.

4. வயர்களின் நிறத்தைப் பார்த்து இணைத்தார். பெரும்பாலான ஸ்டீரியோக்களில் மஞ்சள் வயர் நேராகப் பேட்டரிக்குப் போகும். கடிகாரத்தையும் நாம் வைத்த நிலையத்தையும் அது நினைவில் வைத்திருக்கும். சிவப்பு வயர் சாவியோடு சேரும். சாவியை எடுத்தால் பாட்டு நிற்கும். கறுப்பு வயர் வண்டியின் உடம்போடு சேரும். ஆனாலும் பெட்டியோடு வரும் தாளைப் பார்த்தே இணைக்க வேண்டும்.

5. கறுப்பு வயர் சேரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டினார். இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அங்கே போல்ட்டால் இறுக்கினார். இந்த இணைப்பு சரியில்லை என்றால், இஞ்சின் வேகத்துக்கு ஏற்றபடி ஸ்பீக்கரில் "ங்ஙொய்" என்று சத்தம் வரலாம்.

6. ஸ்பீக்கர் வயர்களைத் தனியாக இழுத்தார். ஸ்பீக்கரின் எந்த வயரும் வண்டி உடம்பைத் தொடக் கூடாது. தொட்டால் ஸ்டீரியோ கெட்டுவிடும். கதவில் ஸ்பீக்கர் வைக்கும் முன், கண்ணாடியை முழுவதும் இறக்கிப் பார்த்தார். கண்ணாடி ஸ்பீக்கரில் இடிக்கவில்லை.

7. ஸ்பீக்கரின் கூட்டல், கழித்தல் முனைகளைச் சோதித்தார். ஒரு டார்ச் செல்லின் இரு முனைகளை ஒரு நொடி தொட வைத்தார். ஸ்பீக்கரின் காகிதம் வெளியே தள்ளியது. செல்லின் கூட்டல் பட்ட முனைதான் ஸ்பீக்கரின் கூட்டல் முனை. ஒரு ஸ்பீக்கரை மாற்றி இணைத்துவிட்டால் மத்தளச் சத்தம் மங்கிப் போகும்.

8. இணைப்புகளை வெறுமனே முறுக்கி விடவில்லை. ஈயம் வைத்துப் பற்றினார். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றினார். வயர்களைச் சேர்த்துக் கட்டினார்.

கடைசியாக, பேட்டரி அருகே 10 ஆம்பியர் ப்யூஸைச் செருகினார்.

"ப்யூஸ் மறுபடி போனால்?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"காரணத்தைத் தேடுங்க. காரணம் தெரிகிற வரைக்கும் பாட்டு இல்லாமல் ஓட்டுங்க. பாட்டு இல்லாமல் வண்டி ஓடும். வயர் எரிந்தால் ஓடாது."

பேட்டரியும் பாட்டும்

இஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரும். இஞ்சின் நின்றால் பேட்டரி மட்டுமே தரும். சரக்கு ஏற்றக் காத்திருக்கும்போது மணிக்கணக்கில் பாட்டுப் போட்டால் பேட்டரி இறங்கிவிடும். பிறகு செல்ஃப் எடுக்காது. வண்டியைத் தள்ள வேண்டியதுதான். நன்றாக நிரம்பிய பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி என்று பொருள்.

பெரிய லாரிகள் பலவற்றில் 24 வோல்ட் இருக்கும். 12 வோல்ட் ஸ்டீரியோவை அதில் நேராக இணைத்தால் கருகிவிடும்.

காதும் சட்டமும்

வண்டியில் பாட்டுக் கேட்பது புதிய ஆசை அல்ல. அமெரிக்காவில் கால்வின் நிறுவனம் 1930-ஆம் ஆண்டிலேயே மோட்டாரோலா என்ற கார் வானொலியை விற்றது. பாட்டு துணைக்கு நல்லது. ஆனால் ஓட்டுநருக்குக் காது வேண்டும். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்க வேண்டும். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது "நில்லு, நில்லு" என்ற குரல் கேட்க வேண்டும். தூக்கத்துக்கும் பாட்டு மருந்தல்ல. கண் சொக்கினால் வண்டியை நிறுத்தித் தூங்குவதே மருந்து.

ஒலி மாசைக் கட்டுப்படுத்த 2000-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதிகள் கொண்டு வந்தது. அதன்படி குடியிருப்புப் பகுதியில் ஒலி அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதிப் பகுதி ஆகலாம். தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் மருத்துவமனை இருக்கிறது. அந்த வழியே போகும்போது ஓட்டுநர் இப்போது பாட்டைக் குறைத்துவிடுகிறார்.

அன்று இரவு மனைவி ஒரு தாளில் எழுதினார். எழுத்து கொஞ்சம் கோணல். ஆனால் தெளிவாக இருந்தது. "பத்து ஆம்பியர் மட்டும். கம்பி வைக்காதே." தாளை ப்யூசுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

தெருத் தம்பியும் வந்து பார்த்தான். எழுத்துக்கூட்டிப் படித்தான். "சரிக்கா" என்றான். தன் பையில் இருந்த செம்புக் கம்பிச் சுருளை எடுத்துக் குப்பையில் போட்டான்.

கலந்து பேசுவோம்

1. ப்யூஸ் போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?
2. பேட்டரி அருகே ஏன் ப்யூஸ் வைக்க வேண்டும்?
3. உங்கள் வீட்டில் ப்யூஸ் போன இடத்தில் கம்பி வைத்திருக்கிறார்களா? போய்ப் பாருங்கள்.
4. பொருள் வாங்கும்போது அட்டையில் உள்ள எண்ணை அப்படியே நம்பலாமா?

கணக்குப் போடுவோம்

ஒரு ஸ்டீரியோவின் ப்யூஸ் 15 ஆம்பியர். பேட்டரி 12 வோல்ட். அந்த ப்யூஸ் வழியே தொடர்ந்து எத்தனை வாட் வரை போகலாம்?

புதிய சொற்கள்

வோல்ட் – மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தின் அளவு
ஆம்பியர் – வயரில் ஓடும் மின்சாரத்தின் அளவு
வாட் – மின்சாரத்தின் திறன் அளவு
டெசிபல் – ஒலியின் அளவு