ஐஸ் போட்டதும் கரும்புச் சாற்றின் இனிப்பு எங்கே போகிறது?

கேள்வி: திருக்கனூர் போகிற ரோட்டில் கரும்பு ஜூஸ் வண்டி போட்டிருக்கிறோம். ஒரே கட்டுக் கரும்பு, ஒரே மிஷின். ஆனால் ஐஸ் போட்டுக் கொடுத்தால் "என்னம்மா, சப்புனு இருக்கு" என்கிறார்கள். ஐஸ் வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் "திகட்டுது" என்று பாதியில் வைத்துவிடுகிறார்கள். ஐஸ் ஜூஸுக்கு மட்டும் கொஞ்சம் சர்க்கரைப் பாகு ஊற்றலாம் என்கிறார் என் வீட்டுக்காரர். பக்கத்து வண்டியில் தர்பூசணி ஜூஸுக்கு இந்தப் புகாரே வருவதில்லை, அது ஏன்? இன்னொன்று. என் மாமனார் டீயை நன்றாக ஆற்றித்தான் குடிப்பார். அப்போதுதான் சர்க்கரை தெரியும் என்பார். அதில் உண்மை உண்டா?
— ஒரு வாசகி, மண்ணாடிப்பட்டு

பதில்: பாகு வேண்டாம் அம்மா. உங்கள் கரும்பில் குறை இல்லை. குடிக்கிறவர்களும் பொய் சொல்லவில்லை. இங்கே இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன: ஒன்று நாக்கில், இன்னொன்று டம்ளரில்.

முதலில் நாக்கு. இனிப்பை உணரும் செல்களில் டிஆர்பிஎம்5 என்றொரு புரதம் இருக்கிறது. இனிப்பு பட்டதும் அது திறந்து, மூளைக்குச் செய்தி போக வழிவிடும். வெதுவெதுப்பில் அது நன்றாகத் திறக்கும், குளிரில் மந்தமாகிவிடும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2005-இல் இதைக் கண்டறிந்தார்கள். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடு ஏற ஏற, இனிப்புக்கு எலிகளின் சுவை நரம்பு காட்டிய துடிப்பும் ஏறிக்கொண்டே போனது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இது தெரிந்த விஷயம்தான். குச்சி ஐஸ் உறைந்திருக்கும்போது அளவாக இனிக்கும். அதே ஐஸ் உருகி வழிந்ததை நக்கினால் சர்க்கரைத் தண்ணீராகத் தித்திக்கும்.

கசப்பும் அதே புரதத்தின் வழியாகத்தான் போகிறது. புளிப்புக்கு வழி வேறு, அதனால் குளிர் அதை அவ்வளவாகத் தொடுவதில்லை. உங்கள் வண்டிக்கு இது முக்கியம். ஐஸ் விழுந்ததும் இனிப்பு இறங்கிவிடும். எலுமிச்சையோ கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும், ஆகவே புளிப்பு தூக்கலாகத் தெரியும். இஞ்சி இதற்கு நேர்மாறு. அதன் காரம் நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத்தான் தூண்டுகிறது, குளிர் அந்த நரம்பை அமர்த்திவிடும். எல்லா டம்ளருக்கும் நீங்கள் ஒரே அளவு எலுமிச்சையும் இஞ்சியும் போடுபவராக இருந்தால், ஐஸ் டம்ளருக்கு எலுமிச்சையைக் குறைத்து இஞ்சியை ஒரு துண்டு கூட்டுங்கள். ஐஸ் இல்லாததற்கு எலுமிச்சையைத் தாராளமாகப் பிழியுங்கள். திகட்டல் பெருமளவு அடங்கும்.

இனி டம்ளருக்கு வருவோம். 200 மில்லி சாறு 30 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 5 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய 55 கிராம் ஐஸ் உருக வேண்டும். கால் பங்குக்கு மேல் தண்ணீர் கலந்ததாயிற்று. 15 டிகிரி போதும் என்றால் 30 கிராம் உருகினாலே சரியாகிவிடும். தொண்டைக்கு 5 டிகிரி தேவையே இல்லை. தாகத்தோடு இருப்பவர்களுக்கு வெவ்வேறு சூட்டில் தண்ணீர் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1983-இல் வெளியானது. அவர்கள் அதிகம் குடித்தது 15 டிகிரியை ஒட்டிய தண்ணீரைத்தான். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் கொஞ்சத்திலேயே போதும் என்றாகிவிட்டது. டம்ளர் வேர்த்து ஒழுகுகிற அளவுக்கு ஐஸ் போடுவது நாக்குக்கும் லாபமில்லை, உங்களுக்கும் லாபமில்லை.

ஆகையால் சாற்றைக் குளிர வைப்பதைவிடக் கரும்பைக் குளிர வையுங்கள். சீவிய கரும்பை வெயிலில் சாய்த்து வைக்காமல் நிழலில் நனைத்த சாக்குக்குள் சுற்றி வையுங்கள். உங்கள் ஊர் கடலுக்குச் சற்று உள்ளே இருக்கிறது. கடற்காற்று வந்து சேருமுன், முற்பகலில் மேல்காற்று வறட்சியாக வீசும்போது ஈரச் சாக்கு நன்றாகக் குளிரும். முடிந்தால் அன்றைக்கு ஆட்டப்போகும் துண்டுகளை மட்டும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸோடு வையுங்கள், அந்த ஐஸ் சாற்றில் கலக்காது. சந்தேகம் இருந்தால் மூன்று டம்ளர் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஐஸ் போட்ட சாறு, அடுத்ததை ஐஸ் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்துங்கள், மூன்றாவதை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் தண்ணீர் சேரவில்லை. ஆகவே முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தண்ணீர் செய்தது, பின் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குளிர் செய்தது.

பாகு வேண்டாம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 100 மில்லி கரும்புச் சாற்றில் 13 முதல் 15 கிராம் சர்க்கரை என்கின்றன ஐசிஎம்ஆரின் 2024 உணவு வழிகாட்டுதல்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிராமுக்கு மேல் கூடாது என்றும் சொல்கின்றன. ஒரு டம்ளரிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறோம். நாக்கு மந்தமான நேரத்தில் அதற்குத் தெரியாமல் இன்னும் இரண்டு ஸ்பூன் ஏற்றுவது, வாடிக்கையாகக் குடிக்க வருகிறவர்களுக்கு நல்லதல்ல. சர்க்கரை நோய் இருப்பவர் கேட்டால் மோர்க்கடையைக் காட்டுங்கள்.

தர்பூசணி விஷயம் அழகானது. கரும்பின் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். தர்பூசணியில் பாதிக்கு மேல் பிரக்டோஸ். தண்ணீரில் பிரக்டோஸ் மூலக்கூறு ஒரே வடிவத்தில் நிற்காது, சில வடிவங்களுக்குள் மாறிக்கொண்டே இருக்கும். அவற்றில் ஒன்று மிக இனிப்பானது. குளிர்ச்சியில் அந்த வடிவம் பெருகும், சூட்டில் குறையும். 5 டிகிரியில் பிரக்டோஸ் அதே அளவு சுக்ரோஸைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு இனிக்கும். 40 டிகிரியில் இரண்டும் சமம். 60 டிகிரியில் சுக்ரோஸ் முந்திவிடும். குளிரால் நாக்கு மந்தமாவது தர்பூசணிக்கும் உண்டு, ஆனால் பழமே கொஞ்சம் ஈடுகட்டிவிடுகிறது. பக்கத்து வண்டிக்காரர் கூடுதலாக எதுவும் செய்யவில்லை.

உங்கள் மாமனார் சொல்வதும் சரியே. கொதிக்கக் கொதிக்க வாயில் வைத்தால் நாக்குக்குச் சுடுவதுதான் தெரியும், சுவை பின்னால் போய்விடும். உடம்புச் சூட்டை நெருங்கும்போது இனிப்பு எழும்பும். ஆனால் முழுக்க ஆறிவிட்டால் டீயின் மணம் எழாது. ஆவியோடு மூக்குக்கு ஏறுகிற மணம்தான் டீயில் பாதி. பாலில்லாத டீ என்றால் ஆறியதும் அதிலுள்ள காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் சேர்ந்து கலங்கலாகப் படியும். நுரை பொங்க நாலு ஆற்று ஆற்றி, டம்ளரைக் கை தாங்குகிற பதத்தில் அவருக்குக் கொடுங்கள். 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடான பானங்களைத் தொடர்ந்து குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆற்றிக் குடிக்கும் பெரியவருக்கு அந்தக் கவலை இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு குடிக்கிறவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.