சான்றிதழ் இல்லாத இயக்குநர்

கேள்வி: நிலாவெளியில் ஒரு ஹோட்டலின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சில வருடங்களாக நான்தான் இயக்குகிறேன். சுத்திகரித்த தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது. கையில் சான்றிதழ் இல்லை. எடுக்க வழி உண்டா?
– வாசகர், திருகோணமலை

பதில்: உண்டு. மறுபடி வகுப்பில் உட்காரவும் தேவையில்லை. மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) முறையில், செய்த வேலையையே தகுதியாகக் காட்டலாம்; இதை ஆர்.பி.எல். (முன்கற்றலை அங்கீகரித்தல்) என்பார்கள். உங்கள் வேலைக்குரிய தேர்ச்சி நியமம் எது, எந்த மட்டம் என்று முதலில் அங்கே விசாரியுங்கள். மதிப்பீட்டாளர் கேட்பது ஆதாரம்.

ஆகவே பதிவுப் புத்தகத்தை இன்றைக்கே ஒழுங்காக எழுதத் தொடங்குங்கள். காற்றூட்டும் தொட்டித் தண்ணீரை ஒரு லீற்றர் அளவுச்சாடியில் எடுத்து 30 நிமிடம் அசைக்காமல் வைத்தால் சேறு எவ்வளவு படிகிறது? அந்த எண்ணை அன்றாடம் குறித்தவர் யார், மோட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனவர் யார் என்பது இரண்டு பக்கம் புரட்டினால் தெரிந்துவிடும். (அளவுச்சாடி இல்லையென்றால் நிர்வாகத்தோடு சண்டை பிடித்தாவது வாங்குங்கள்.)

சான்றிதழை வேறு இடங்களில் எப்படி மதிக்கிறார்கள் என்றும் பாருங்கள்: கலிபோர்னியாவில் கழிவுநீர் நிலைய இயக்குநர்களுக்கு ஐந்து தரங்கள். உரிய தரச் சான்றிதழ் இல்லாதவர் பொறுப்பில் நிலையத்தை விடமாட்டார்கள். இங்கே மத்திய சுற்றாடல் அதிகாரசபை தரும் அனுமதிப்பத்திரம் ஹோட்டலின் பெயரில்தான் வரும்; உங்கள் திறமைக்கான சான்றை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.