கருங்கோதுமையும் மலைச் சாமையும்

கோதுமை பொன்னிறம் மட்டுமன்று. ஊதா, நீலம், கருமை ஆகிய நிறங்களிலும் உண்டு. மொஹாலியிலுள்ள தேசிய வேளாண் உணவு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனத்தில் டாக்டர் மோனிகா கார்க் குழுவினர், ஜப்பானிலிருந்து பெற்ற வித்துக்களை இந்திய ரகங்களுடன் ஒட்டி இவற்றை உருவாக்கினர். 2018-ல் உணவாக உபயோகிக்க இசைவு கிடைத்தது.

நிறத்திற்குக் காரணம் நாவற்பழத்திலும் உள்ள ஆந்தோசயனின் என்னும் சாயப்பொருள். புளிப்பில் சிவந்து, காரத்தில் நீலமாகும் இதன் இயல்பைச் சாயத்தொட்டி அறிந்த நெசவாளர் எளிதில் உணர்வர். சாதாரணக் கோதுமையில் கிலோவுக்குச் சுமார் 5 மில்லிகிராம்; ஊதாவில் 40, நீலத்தில் 80, கருமையில் 140 என அந்நிறுவனம் கணக்கிட்டது. உயிரணுக்களைச் சிதைக்கும் ஆக்சிகரணத்தை இப்பொருள் தடுக்க வல்லது. ஆனால் சர்வரோக நிவாரணி என விற்போர் கூற்று மிகையே.

இதில் கவனிக்கத்தக்கது சாயம் தங்கும் இடம். ஊதா, மணியின் வெளித்தோலில் உள்ளது. நீலம், அதற்கு அடுத்த உள்ளடுக்கில். இரண்டும் சேர்ந்தால் கருமை. வெளித்தோல் தாய்ச்செடியின் உடைமையாதலால், வெண்மணிச் செடியின் பூவில் ஊதாச் செடியின் மகரந்தத்தைத் தூவினால் அப்பருவத்து மணி வெளுத்தே இருக்கும். அம்மணியை விதைத்து வளர்ந்த செடியிலேதான் ஊதா தோன்றும். நீலமோ, தந்தையின் மகரந்தத்தால் அதே மணியில் தெரிந்துவிடும். இதனை அறியாதவர் நல்ல கலப்பைத் தோல்வியெனத் தள்ளிவிடக்கூடும். தேர்ந்தெடுத்தபின் நிறம் நிலைக்கப் பல தலைமுறைகள் விதைத்தாக வேண்டும். விளைச்சலும் சாதாரண ரகங்களைவிடக் குறைவு.

ஜவ்வாது மலையின் தானியம் சாமை. அதன் பூ மிகச் சிறியது. கையால் ஒட்டுச் சேர்த்தல் கோதுமையினும் கடினம். எனினும் திருவண்ணாமலை மாவட்டத்து அத்தியந்தலிலுள்ள சிறுதானிய மகத்துவ மையம் ஏ.டி.எல். 1 என்னும் சாமை ரகத்தை அளித்துள்ளது.

கோதுமையைப் போன்றே சாமையிலும் நார்ச்சத்து, தாது உப்புகள் ஆகியவற்றில் பெரும்பங்கு தவிட்டிலேயே உள்ளது. உமியை நீக்குவது அவசியம். அதற்கு மேலும் தீட்டினால் அரிசி வெளுக்கும், சத்து தவிட்டோடு போகும். வியாபாரி வெண்மைக்கே விலை கூறுவார். தவிடு நீங்காத அரிசியோ, அதிலுள்ள எண்ணெயால் விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும். ஆகவே சாமையை உமியுடனேயே சேமித்து, விற்பனைக்கு வேண்டிய அளவை மட்டும் அவ்வப்போது அரைப்பது நல்லது. சங்கங்கள் அரவைக் கூலியைத் தீட்டும் அளவுக்கேற்ப வெவ்வேறாக விதித்தால், உறுப்பினர் இருவகை அரிசியையும் தனித்தனி விலைக்கு விற்க இயலும்.